பிள்ளையை ரக்பியில் சேர்க்கலாமா? காரைக்குடிப் பக்கம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனி, ஞாயிறு காலையில் காரைக்குடியில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறோம். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டில் இருந்தெல்லாம் வருகிறார்கள். மைதான ஓரத்தில் அப்பா அம்மாக்கள், சில நாள் அப்பத்தாக்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாப் பதிலும் உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் இது என்ன ஆட்டம்? நம்ம பக்கம் யாரும் ஆடிப் பார்த்ததில்லையே?

முட்டை வடிவப் பந்து. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'டிரை', 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பதினைந்து பேர் ஆடும் வகை ஒன்று, ஏழு பேர் ஆடும் வகை ஒன்று. ஏழு பேர் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடம்தான், ஆனால் மைதானம் அதே முழு மைதானம், அதனால் பதினான்கு நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும். 2016 ரியோவில் இருந்து ஒலிம்பிக்கில் இருப்பது இந்த ஏழு பேர் ஆட்டம். நம் நாட்டிலும் இதுதான் அதிகம், நாங்களும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கல்கத்தா கோப்பை நம் ஊர் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப்பை 1878-இல் மூடியபோது வங்கியில் மிச்சமிருந்த காசை அப்படிக் கோப்பையாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் இலங்கை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவிற்கப் போன நாடு, அங்கே பள்ளிக்கூட ரக்பி ஒரு திருவிழா. கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945-இல் இருந்து பிராட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன. கண்டியில் கடை வைத்திருந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எங்களைவிட நன்றாகக் கதை சொல்வார்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

எட்டு, ஒன்பது வயதில் வரலாம். அந்த வயதில் மோதல் கிடையாது. இடுப்பில் கட்டிய நாடாவைப் பிடுங்கினால் 'பிடிபட்டான்' என்று கணக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் ஆளைப் பிடித்து விழுத்தப் பழக்குகிறோம், அதுவும் முட்டி போட்ட நிலையில் தொடங்கி, நடந்து, பிறகுதான் ஓடி. பந்தும் வயதுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்: சின்னப் பிள்ளைகளுக்கு 3, பத்து முதல் பதினான்குக்கு 4, அதற்கு மேல் 5. சின்னக் கையில் பெரிய பந்தைக் கொடுத்தால் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கத்தை விடுவிக்க எங்களுக்கு உயிர் போய்விடும்.

பதினைந்து வயதில் வந்தாலும் தாமதமில்லை. வேகமும் புத்தியும் இருந்தால் இந்தியாவில் அந்த வயதில் தொடங்கி நாட்டுக்கு ஆடியவர்கள் நிறைய. அதனால் பத்து வயதுப் பையனைக் கிரிக்கெட்டையும் நீச்சலையும் விடச் சொல்லி இங்கே கொண்டுவராதீர்கள். எல்லாம் ஆடட்டும்.

என் மகன் எட்டாவது படிக்கிறான், 70 கிலோ. எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறான். பெரிய ஆளாக வருவான்தானே?

வரலாம். ஆனால் இப்போது அவன் இடித்துத் தள்ளுவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ரக்பி என்றால் உயிர். அங்கே கிரேவன் வாரம் என்று மாகாண அளவிலான பள்ளிப் போட்டி 1964-இல் இருந்து நடக்கிறது. 2005-இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் போட்டிக்குத் தேர்வானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2010-இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடியவர்கள் அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். பதின்மூன்று வயதில் 'இவன்தான்' என்று நாடே தேர்ந்தெடுத்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்தே ஆண்டில் பட்டியலில் இல்லை. அத்தனை பயிற்சியாளர்களும் வசதியும் உள்ள ஊரிலேயே இந்தக் கதை.

காரணம் பெரிய ரகசியமில்லை. பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இருவரும் ஒரே வகுப்பு, ஆனால் உடம்பில் மூன்று வயது வித்தியாசம். முன்னால் வளர்ந்தவன் இடித்தே ஜெயிக்கிறான், ஜெயிப்பதால் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்வதில்லை, கொடுக்க வேண்டிய அவசியமே அவனுக்கு வருவதில்லை. பதினேழு வயதில் மற்றவர்களும் அவன் அளவுக்கு வளர்ந்து நிற்கும்போது அவனிடம் வேறு சரக்கு இல்லை. இன்னொரு கொடுமை பிறந்த மாதம். வயதுப் பிரிவுக்கான தேதிக்குப் பின்னால் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் தேர்வில் அதிகமாக எடுபடுவார்கள். ரக்பியில் மட்டுமல்ல, கால்பந்து, ஐஸ் ஹாக்கி எல்லாவற்றிலும் இது தெரிந்த கதை. பத்து மாதம் மூத்தவனைப் பார்த்து 'திறமைசாலி' என்று நாம் எழுதிவிடுகிறோம்.

நியூசிலாந்தில் சிறுவர் ரக்பியைப் பல இடங்களில் எடை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நாங்களும் மோதல் உள்ள பயிற்சியில் அப்படித்தான் செய்கிறோம், உங்கள் மகனை ஒன்பதாவது, பத்தாவது பையன்களோடு விடுவோம். அங்கே அவன் அடிவாங்குவான், முகம் சுண்டிப்போகும், வீட்டுக்கு வந்து 'நான் வரலை' என்பான். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டினால் அவன் கையில் பாஸ் இருக்கும். மோதலில்லாத ஆட்டத்தில் அவன் வயதுக்காரர்களோடுதான் ஆடுவான், ஆனால் யார் மேலும் உரசுவதற்கு முன்னால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு மட்டும் ஒரு விதி வைப்போம். தயவுசெய்து அதற்குச் சண்டைக்கு வராதீர்கள்.

சரி, எங்கள் பையன் குட்டை, ஒல்லி. அவனுக்கு வாய்ப்பே இல்லையா?

செஸ்லின் கோல்பி என்று தேடிப் பாருங்கள். உயரம் 171, 172 செ.மீ. தென்னாப்பிரிக்காவோடு 2019, 2023 இரண்டு உலகக் கோப்பையும் ஜெயித்தவர். பிரான்சின் அந்துவான் துப்பான் 175-ஐத் தாண்டாத ஆள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம். போதுமா?

கபடி நன்றாக ஆடுகிறான். அவனை இதற்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம், இரண்டும் ஆடட்டும். நமக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கபடிக்காரர்கள்தான், அது எங்களுக்கு லாபம். தாழ்ந்து நிற்கும் இடுப்பு, பக்கவாட்டுக் கால் நகர்வு, ஆள் உடம்பைத் தொடக் கூச்சமின்மை, இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷம் ஆகும். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தைரியத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் மறக்க வேண்டியவையும் உண்டு, மூன்று விஷயம். முதலாவது டேஷ். பாடி வருபவனைத் தோளால் மோதிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது கபடியில் கைதட்டல் வாங்கும். ரக்பியில் கையைச் சுற்றிக் கட்டாமல் தோளால் மட்டும் இடித்தால் பெனால்டி, கொஞ்சம் ஆபத்தாக இருந்தால் மஞ்சள் அட்டை, ஏழு பேர் ஆட்டத்தில் 2 நிமிடம் வெளியே. ஏழு பேரில் ஒருவர் இல்லாத 2 நிமிடத்தில் இரண்டு டிரை போய்விடும். இரண்டாவது, விடாப்பிடி. கபடியில் பிடித்தவனை விசில் அடிக்கும் வரை விடக் கூடாது. இங்கே ஆள் தரையில் விழுந்த நொடியே விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். நம் பிள்ளைகள் முதல் சில மாதம் வாங்கும் பெனால்டி பெரும்பாலும் இதற்குத்தான். அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவரைப் பெருமையாகப் பார்ப்பான், அவர் எதிரணிப் பக்கம் கையை உயர்த்துவார். மூன்றாவது, பிடிபட்டவனும் பந்தை விட வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது.

இன்னொன்று, இது அப்பாக்களுக்கு. சனிக்கிழமை இரவெல்லாம் ஏதாவது ஊரில் மின்னொளிக் கபடி ஆடிவிட்டு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண் சிவக்க இங்கே வந்து நிற்பவனை நான் ஆட விட மாட்டேன். ஓரமாக உட்கார வைத்துவிடுவேன். தூங்காத உடம்புதான் முதலில் அடிபடும்.

திறமை என்று நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

ஒரு சின்னப் பயிற்சி உண்டு. பத்து மீட்டர் அகலத்தில் இரண்டு பேர் தாக்க வேண்டும், ஒருவன் தடுக்க வேண்டும். வேறொன்றுமில்லை. பந்து வைத்திருப்பவன் சீக்கிரம் பாஸ் கொடுத்தால் தடுப்பவன் அப்படியே சறுக்கி அடுத்தவனிடம் போய்விடுவான். ரொம்ப நேரம் வைத்திருந்தால் பந்தோடு பிடிபடுவான். நடுவில் ஒரு கண நேரம் இருக்கிறது: தடுப்பவனின் இடுப்பு தன் பக்கம் திரும்பி, பாரம் ஒரு காலில் இறங்கும் கணம். சில பிள்ளைகளுக்கு அது தெரிகிறது. கண் தடுப்பவன் இடுப்பில் இருக்கும், கை தானாகப் பக்கத்தில் ஓடுபவனுக்குப் பந்தைத் தள்ளும். கொத்தமங்கலத்தில் இருந்து வந்த ஒரு ஒல்லிப் பையன் முதல் வாரத்திலேயே இதைச் செய்தான், யாரும் சொல்லித்தரவில்லை. ஓட்டத்தில் அவன் கடைசி. ஓட்டத்தை நான் வளர்த்துக்கொடுக்க முடியும் என்பதால் அவனை எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் விழுந்தவன் எவ்வளவு நேரத்தில் எழுகிறான் என்று பார்ப்பேன். பந்து தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். தண்ணீர் இடைவேளையில் தான் மட்டும் குடிக்கிறானா என்பதும் கண்ணில் படும்.

உடல் தகுதிக்கு 'பிராங்கோ' என்று ஒரு ஓட்டம் வைக்கிறோம். 20 மீட்டர் போய்த் திரும்பி, 40 போய்த் திரும்பி, 60 போய்த் திரும்பி, இது ஒரு சுற்று. நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1200 மீட்டர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் நாலரை நிமிடத்தை ஒட்டி முடிப்பார்கள். பிள்ளைகளின் நேரத்தை அவர்களின் பழைய நேரத்தோடுதான் ஒப்பிடுவேன், பக்கத்தில் ஓடுபவனோடு அல்ல.

அடிபடாதா? பல்லு போய்விடாதா?

அடிபடும். படாது என்று சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். நம்மால் செய்யக்கூடியது குறைப்பதுதான்.

பல்லுக்கு மவுத்கார்டு. வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து வாய்க்கு ஏற்ப வடிவமாக்கிக்கொள்ளும் வகை போதும். அது இல்லாமல் மோதல் பயிற்சி கிடையாது, 'இன்னைக்கு மட்டும் சார்' என்பதும் கிடையாது.

கழுத்துக்கும் தலைக்கும் பிடிக்கும் முறைதான் காப்பு. தலையை எதிராளியின் உடம்புக்கு முன்னால் விடவே கூடாது, பக்கவாட்டில், அவன் பின்பக்கத்தோடு நம் கன்னம் ஒட்டியிருக்க வேண்டும். இதை நூறு முறை மெதுவாகச் செய்தால்தான் வேகத்தில் வரும். தோளுக்கு மேல் பிடித்தால் குற்றம், நாங்கள் பயிற்சியில் நெஞ்சுக்கு மேலேயே விடுவதில்லை.

தரை இன்னொரு சங்கடம். நம்ம ஊர்ச் செம்மண் மாசி, பங்குனியில் கல்லாகிவிடும், சில இடங்களில் கீழே செம்பராங்கல்லே தலைகாட்டும். அதில் ஆளை விழுத்தினால் தோள்பட்டை என்னாகும்? அதனால் விழுத்தும் பயிற்சியை ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும் வைத்துக்கொள்கிறோம். கோடையில் பாஸ், ஓட்டம், நாடா ஆட்டம், அல்லது கொட்டி வைத்த மணலில் மட்டும் பிடி. வற்றிய கண்மாய் மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள், வெடித்த களிமண் செங்கல்லை விட மோசம்.

தலையில் அடிபட்டால் பேச்சே கிடையாது. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மயக்கமே வராது. தடுமாறுவான், கேட்டதையே திரும்பக் கேட்பான், வெளிச்சம் கூசும், வாந்தி வரும். அதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முகத்தில் தண்ணி தெளித்து 'ஒண்ணுமில்லடா, எழுந்திரு' என்பது இங்கே நடக்காது. மருத்துவரிடம் காட்டி, அறிகுறியெல்லாம் போன பிறகு படிப்படியாகத் திரும்பி, குறைந்தது 21 நாளாவது தள்ளித்தான் மோதல் ஆட்டம். அது மாநில அணிக்கு ஆள் எடுக்கும் வாரமாக இருந்தாலும் சரி. வாந்தி நிற்காவிட்டாலோ, தூக்கம் தூக்கமாக வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். சோம்பலா, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. பையன்களுக்கு பதினான்கை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் உயரம் திடீரென்று எகிறும். எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் இழுபடும், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலிக்கும். குதிகாலிலும் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரில் உயரம் குறித்து வாருங்கள், எகிறுவது தெரிந்தால் சொல்லுங்கள், குதிப்பதையும் ஓட்டத்தையும் குறைத்துவிடுவோம். அந்தச் சமயத்தில் பந்து கைநழுவும், ஓட்டம் தடுமாறும். திட்டாதீர்கள்.

ஜிம்முக்கு அனுப்பலாமா? பவுடர் வாங்கித் தரவா? என்ன சாப்பாடு?

முறை தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் பதின்மூன்று, பதினான்கில் எடைப் பயிற்சி தொடங்கலாம், உயரம் நின்றுவிடும் என்பது கட்டுக்கதை. முதலில் உடம்பு எடையே போதும்: தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது.

பவுடர் வேண்டாம். ஜிம்மில் விற்கும் டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நாளைக்கு ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்த பொருள் ஏதாவது வந்தால் 'எனக்குத் தெரியாது' என்பது செல்லாது, உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. 50 கிலோ பையனுக்கு நாளைக்கு 70 கிராம் புரதம் தாராளம். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் 25. பால், பயறு, மீன், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு, கணக்கு சரியாகிவிடும். சைவ வீடு என்றால் பருப்பும் சுண்டலும் தயிரும் கூட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் கந்தரப்பமோ வெள்ளைப் பணியாரமோ கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? 'பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்கிறார்கள் அவள் அப்பத்தா.

அப்பத்தாவை ஒரு நாள் கூட்டி வாருங்கள். உண்மையைச் சொன்னால் இந்திய ரக்பியில் இன்றைக்கு மேலே போக நல்ல வழி பெண்களுக்குத்தான். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச வெற்றியை 2019-இல் மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிராக எடுத்தது, 21-19. அதே ஆண்டு உலகின் சிறந்த இளம் வீராங்கனை என்று ஒரு சர்வதேசப் பெண்கள் ரக்பி இணையதளம் தேர்ந்தெடுத்த சுவீட்டி குமாரி, பீகாரில் பாட்னா பக்கம் பார்ஹ் பகுதிக்காரர், ஓட்டப்பந்தயத்தில் இருந்து வந்தவர். ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் 'கிஸ்' பள்ளியில் இருந்து தேசிய அணிக்கு வரிசையாக வருகிறார்கள். 2025-இல் பீகாரின் ராஜ்கிரில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் நம் பெண்களுக்கு வெண்கலம். பீகாரும் ஒடிசாவும் செய்ததைச் சிவகங்கை மாவட்டம் செய்ய முடியாதா என்ன?

ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், மூச்சு வாங்குவதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். மாதவிலக்கு நாளில் வருவதும் வராததும் அவள் விருப்பம், என்னிடம் காரணம் சொல்லத் தேவையில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது எப்படி? சம்பளம் வருமா?

வழி இருக்கிறது, குறுகலான வழி. பள்ளி, மாவட்டம், மாநில அணி, தேசியப் போட்டி, அங்கே எடுபட்டால் தேசிய முகாம். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல் முறையாக நடந்தது, ஆறு நகர அணிகள், வெளிநாட்டு நட்சத்திரங்களோடு நம் பையன்களும் ஒரே அணியில். முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் அணி வாங்கியது. அது நடந்ததில் இருந்து எங்களுக்கு வரும் விசாரிப்புகள் கூடிவிட்டன, சந்தோஷம். ஆனால் இரண்டு வாரத் தொடரை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இன்றைய நிலையில் இந்தியாவில் ரக்பி ஆடிக்கொண்டே மாதச் சம்பளம் வாங்குவதற்கு நம்பகமான இடங்களில் முதலில் நிற்பது ராணுவம், அவர்கள் அணி பல ஆண்டாக வலுவானது.

வெளிநாடு? பதினைந்து பேர் ரக்பியில் சம்பளம் கொடுக்கலாம் என்று விதி மாறியதே 1995-இல்தான். பிரான்ஸ், ஜப்பான், இங்கிலாந்து லீக்குகளில் நல்ல பணம் புழங்குகிறது, ஆனால் அங்கேயும் 2022-23 என்ற ஒரே பருவத்தில் வொர்ஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்று மூன்று இங்கிலாந்து கிளப்புகள் கடனில் மூழ்கி லீக்கை விட்டே போயின. இன்னொரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால், அந்த நாட்டில் பிறக்காமல், பெற்றோர் தாத்தா பாட்டி வழியும் இல்லாவிட்டால், பல ஆண்டு அங்கேயே இருந்தாக வேண்டும். 'ரெண்டு லட்சம் கொடுங்கள், நியூசிலாந்து அகாடமியில் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது போன் செய்தால், நல்ல கிளப் தனக்குத் தேவையான பையனிடம் காசு கேட்காது என்பதை நினைத்துக்கொண்டு போனை வைத்துவிடுங்கள்.

அப்போ படிப்பு?

படிக்கட்டும். பத்தாவது, பன்னிரண்டாவதில் வாரம் ஒரு நாள் வந்தால் போதும், ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்த நிலைச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பது அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரும், அதை நீங்களே படியுங்கள், 'சான்றிதழ் வாங்கித் தருகிறேன்' என்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டத்தில் மேலே போக முடியாதவர்களுக்கும் நடுவர், பயிற்சியாளர், இயன்முறை மருத்துவம் என்று வழி உண்டு. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது, பலருக்கு அது பேருந்து தூரம்.

மைதான ஓரத்தில் நின்று நாங்களும் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். கைதட்டுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிள்ளை பந்தைப் பிடிப்பதற்குள் 'ஓடு ஓடு, குடுத்துறாத' என்று கத்தினால் நான் மூன்று மாதமாகச் சொன்னது போச்சு. நடுவரைத் திட்டுபவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும், அவர் யாராக இருந்தாலும்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு லிட்டர் தண்ணீர், துண்டு, பை இல்லாத அரைக்கால் சட்டை. பையில் விரல் மாட்டி முறிவது இந்த ஆட்டத்தில் சகஜம். கால்பந்து ஷூ இருந்தால் போதும், புதிதாக வாங்காதீர்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். கயிறு, செயின், தோடு எல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரட்டும், அரைஞாண் கயிறு இருக்கலாம். காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம், சித்திரை வைகாசியில் இன்னும் அரை மணி நேரம் முன்னால்.